பவானியிலிருந்து ஆர்கன் கேட்கப் போனேன், அன்று கரண்ட் இல்லை

போன ஐப்பசியில், ஒரு சனிக்கிழமை, பவானியிலிருந்து கோயம்புத்தூருக்குப் போய் ஆர்கன் கேட்டு வந்தேன். ஆர்கன் என்றால் மேசை மேல் வைத்து வாசிக்கிற கீபோர்டு இல்லை. ஒரு சுவர் அகலத்துக்கு நூற்றுக்கணக்கான குழாய்களை நிறுத்தி, அவற்றுக்குள் காற்றை விட்டு வாசிக்கிற பெரிய வாத்தியம். பழைய சர்ச்சுகள் சிலவற்றில் இருக்கிறது. நம் பக்கத்தில் அதைக் கேட்கவேண்டும் என்று யாராவது நினைத்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன். எனக்கு வயது எழுபத்தொன்று. எழுதப் படிக்கக் கற்று ஒன்றரை வருடம்தான் ஆகிறது. ஒரு நாளைக்கு எட்டு வரி, பத்து வரி போகும். அதனால்தான் மழையில் போனதை நீங்கள் மார்கழிக் குளிரில் படிக்கிறீர்கள்.

போன காரணம் என் மனைவி மாராத்தாள். முன்பு நாங்கள் துடியலூரில் குடியிருந்தோம். எனக்குச் சூலூரில் விசைத்தறிப் பட்டறையில் வேலை. திங்கட்கிழமை விடிகாலை போனால் ஞாயிறு காலைதான் வீடு. மாராத்தாள் மேட்டுப்பாளையம் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கிற ஒரு பழைய கல் சர்ச்சைக் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போய்வந்தாள். நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். சர்ச்சு அவளுக்கு வேலை செய்கிற இடம். எனக்குப் பேருந்திலிருந்து தெரிகிற ஒரு கோபுரம், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவும்போது ஒரு மெட்டை முனகுவாள். நாலைந்து படி ஏறும், கொஞ்சம் தயங்கும், பிறகு இறங்கி ஓடும். முடிந்த மாதிரி இருக்கும்போது அதையே இன்னொரு உயரத்திலிருந்து மறுபடி தொடங்குவாள். அது என்ன பாட்டு என்று ஒருமுறை கேட்டேன்.

"சர்ச்சுல டீச்சர் சனிக்கிழமை வாசிக்கறதுங்க. ஒண்ணு முன்னால ஓடும். அதையே இன்னொண்ணு தொரத்திக்கிட்டு வரும். அப்பறம் மூணாவது, நாலாவது."

"எட்டிப் புடிச்சா என்ன ஆகும்?"

"பாட்டு முடிஞ்சுபோகுமுங்க."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன், அதுவும் ஐப்பசியில்தான், நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். மகள் செல்வி என்னைப் பவானிக்குக் கூட்டி வந்துவிட்டாள். பெரியவர்களுக்குச் சாயங்காலத்தில் எழுத்துச் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பொழுது போகட்டும் என்று அவளே சேர்த்தும் விட்டாள். அந்த வகுப்பில் உட்கார்ந்த முதல் வாரமே எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பார்த்ததையெல்லாம் படித்தேன். தீப்பெட்டி, மாத்திரை அட்டை, எதிர்வீட்டுக் கதவில் எழுதியிருந்த பெயர், எதையும் விடவில்லை. போன ஐப்பசியில் ஒரு நாள் மாராத்தாளின் பழைய போனை எடுத்து, செல்வி அதில் பதிந்து வைத்திருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தேன். நாலாவது பெயர் "ஆர்கன் டீச்சர்". அழுத்திவிட்டேன்.

பேசியவர் ஸ்டெல்லா டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லித் தந்து ஓய்வு பெற்றவர். அந்தச் சர்ச்சில் முப்பது வருடமாக அவர்தான் ஆர்கன் வாசிக்கிறார். யாரென்று சொன்னதும், "மாராத்தா ஊட்டுக்காரருங்களா?" என்று கேட்டார். அவள் முனகின பாட்டை ஒருமுறை முழுசாகக் கேட்கவேண்டும் என்றேன்.

"அதுக்கு ஃபியூக்குன்னு பேருங்கண்ணா. ஜெர்மனிக்காரர் ஒருத்தர் முந்நூறு வருசத்துக்கு முன்னாடி எழுதுனது. இந்தச் சனிக்கிழமை பத்து மணிக்கு வாங்க. அடுத்த வாரம்னு தள்ளிப்போட்றாதீங்க. திங்கக்கிழமை நான் மகன் ஊட்டுக்குப் பெங்களூர் போறேனுங்க. திரும்பி வர்றது சந்தேகந்தான்."

கேட்டால் அன்றைக்குத்தான், இல்லாவிட்டால் கிடையாது என்று புரிந்துவிட்டது.

காலை ஐந்து ஐம்பதுக்குப் பவானி பேருந்து நிலையத்தில் கோயம்புத்தூர் வண்டி. தூரம் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, கட்டணம் எண்பத்தாறு ரூபாய், மூன்று மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் குறைவு. செய்தித்தாள் ஏழு ரூபாய். இடது பக்கம் ஜன்னலோரம் கிடைத்தது. மழை கொட்டவும் இல்லை, விடவும் இல்லை. வானம் முழுக்க நனைந்த, வெளுக்காத காடாத் துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. சாலையோரக் கடைகள் பாதி மூடியிருந்தன. இந்த வழியில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். முன்பெல்லாம் புளியமரத்தையும் டீக்கடையையும் பார்த்துத்தான் எந்த ஊர் என்று தெரிந்துகொள்வேன். இப்போது சித்தோடு, பெருந்துறை, பெருமாநல்லூர், அவிநாசி என்று ஒவ்வொரு ஊரும் பலகையில் தானே தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தது. துக்கத்தோடு கிளம்பினவன், அந்தப் பலகைகளுக்காகவே கண்ணை மூடாமல் வந்தேன்.

செய்தித்தாளில் "இன்றைய மின்தடை" என்று ஒரு கட்டம் இருந்தது. எல்லாமே ஊர்ப் பெயர்கள். படிக்க எளிது. ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தேன். துடியலூர் வந்ததும் எனக்குப் பெருமையாகிவிட்டது. நாங்கள் இருந்த ஊர், பேப்பரில் வந்திருக்கிறது, அதை நான் படிக்கிறேன். காலை ஒன்பது முதல் மாலை நாலு வரை என்பதையும் படித்தேன்.

டிக்கெட் கொடுத்து முடித்த கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார். "ஏனுங்க பெரியவரே, அவ்வளவு சத்தமாப் படிக்கறீங்க, அப்படியே ராசிபலனையும் படிங்க. நமக்கு மேசம்."

தேடிப் பிடித்துப் படித்தேன். மேஷத்துக்கு அன்றைக்கு "அலைச்சல்" என்று போட்டிருந்தது.

"கண்டக்டருக்கு அலைச்சலாமா! பெரிய கண்டுபுடிப்பு!" என்று பேருந்தே கேட்கச் சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார்.

எட்டு நாற்பதுக்குக் காந்திபுரம். ஒரு டீ பதினைந்து ரூபாய். அங்கிருந்து துடியலூர் போகும் நகரப் பேருந்தில் பன்னிரண்டு ரூபாய். மழை நாளானதால் முப்பத்தைந்து நிமிடம் ஆனது. கவுண்டம்பாளையம் தாண்டி இறங்கி, உள்ளே எழுநூறு மீட்டர் நடக்கவேண்டும். ஆட்டோ கேட்டால் அறுபது சொல்வார்கள்; வழி நேர்வழிதான், நடந்துவிடலாம். ஒன்பது ஐம்பதுக்குச் சர்ச்சு வாசலில் நின்றேன். கல் சுவரெல்லாம் ஈரம் ஊறிக் கறுத்திருந்தது. வராந்தாப் பெஞ்சில் குடையை மடக்கி வைத்துக்கொண்டு ஒல்லியாக ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அவர்தான் ஸ்டெல்லா டீச்சர்.

"வாங்கண்ணா. இத்தனை தூரம் வந்தீங்க, கரண்ட் இல்லீங்களே. ஷட்டவுனாமா. எனக்கு இப்பத்தான் தெரியும்."

"பேப்பர்ல போட்டிருந்துச்சுங்க டீச்சர். வர்ற வழியில படிச்சேன். ஒம்பதிலிருந்து நாலு வரைக்கும்."

"படிச்சுப்போட்டுமா வந்தீங்க?"

ஆர்கனுக்குக் கரண்ட் வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஊதுகிற வாத்தியம் என்றுதான் நினைத்திருந்தேன். குழாய்களுக்குக் காற்றுத் தருவது ஒரு மோட்டாராம். நாலு மணி வரை காத்திருக்கலாம் என்றால் நாலரைக்கு ஒரு கல்யாணம். பன்னிரண்டு மணிக்குப் பூ அலங்காரக்காரர்கள் வந்துவிடுவார்கள். போனில் அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டட்டுமா என்று டீச்சர் கேட்டார். வேண்டாம் என்றேன். மாராத்தாள் போனில் கேட்கவில்லையே.

டீச்சர் குடையின் நுனியால் தரையில் கோடு கிழித்துக்கொண்டே யோசித்தார். "கையில அடிக்கற துருத்தி ஒண்ணு இருக்குதுங்க. மோட்டார் வர்றதுக்கு முந்தி அதுதான். ஆனா உங்க வயசுக்கு..."

"நாப்பது வருசம் தறி ஓட்டுன உடம்புங்க."

ஆர்கனின் வலது பக்கத்தில் ஒரு சின்ன மரக்கதவு. அதன் சாவியைத் தேடி எடுக்கவே பதினொன்றேகால் ஆகிவிட்டது. குனிந்துதான் உள்ளே போகவேண்டும். ஒரு ஆள் நிற்கிற இடம். ஒரு பக்கம் என்னைவிட உயரமான சதுர மரக்குழாய்கள், காலடியில் கட்டில் அளவுக்குத் தோல் துருத்தி, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மரக் கைப்பிடி. மேலே ஒரு சிறிய ஜன்னல். அதில் வந்த வெளிச்சமும் மழை வெளிச்சம்தான். கைப்பிடியை அமுக்கினால் துருத்தி மூச்சு வாங்கும். பக்கத்தில் ஒரு நூலில் ஈயக்குண்டு தொங்கியது, அதன் பின்னால் பலகையில் இரண்டு கோடுகள். குண்டு மேலே ஏறினால் காற்று குறைகிறது என்று அர்த்தம். மேல் கோட்டைத் தாண்ட விடக்கூடாது, அவ்வளவுதான் வேலை என்றார் டீச்சர். முன்பக்கம் போய் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தார்.

நான் அடித்தேன். தறிக்காரனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே சீர். ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது; சீர் தப்பினால் துணியில் தெரிந்துவிடும். அதே மாதிரி ஒரே வேகத்தில் அமுக்கிக்கொண்டே இருந்தேன். முதலில் காற்று மிஞ்சிப்போய் எங்கோ புஸ்ஸென்று சீறியது. கொஞ்ச நேரத்தில் பக்கத்திலிருந்த மரக்குழாய்கள் திடீரென்று முழங்கின. குண்டு சரசரவென்று ஏறி மேல் கோட்டைத் தாண்டியது. பாட்டு முழுவதும் சுருதி இறங்கி, சோர்ந்துபோன மாடு கத்துகிற மாதிரி கத்தி நின்றுவிட்டது.

"ஏனுங்கண்ணா, பாட்டு சாகுதுங்களே" என்று முன்பக்கமிருந்து டீச்சரின் குரல் வந்தது.

எனக்கு மூச்சு இரைத்தது. கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன். பிடிக்கிற இடத்தில், கை வழுக்காமல் இருக்க, பழைய காடாத் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தது. அழுக்கேறிப் பழுப்பாகியிருந்தாலும் அதில் நூல் விலகி ஒரு கோடு ஓடுவது தெரிந்தது. என் தறியில், நூல்களைப் பிரித்து நிறுத்துகிற சீப்பு மாதிரியான அச்சில் ஒரு பல் வளைந்திருந்தது. அதில் ஓடுகிற துணியில் கரையிலிருந்து இரண்டு விரல் தள்ளி அப்படி ஒரு கோடு விழும். கழிவுத் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து போடுவேன். நான் நெய்ததை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

"இந்தத் துணி ஏதுங்க டீச்சர்?"

டீச்சர் கதவண்டை வந்து குனிந்து பார்த்தார். "மாராத்தா சுத்துனதுங்க. உங்ககிட்டச் சொன்னதில்லீங்களா? மாசம் ஒரு ஷட்டவுன் வரும். துருத்தி அடிக்கறவரு செத்துப்போனப்பறம் எனக்கு ஆளில்லை. கூட்டிக்கிட்டு இருந்தவ வெளக்கமாத்தை வெச்சுப்போட்டு, நான் அடிக்கட்டுங்களான்னு வந்துட்டா. பதினோரு வருசம் அவதான்."

என்னிடம் சொன்னதில்லை. ஆனால் சில ஞாயிற்றுக்கிழமை கை வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். கூட்டிப் பெருக்குவதற்கா இத்தனை வலி என்று நான் கேட்டிருக்கிறேன். அதற்கு மேல் அவள் என்ன சொல்வாள்?

"அவ எப்படி அடிப்பாளுங்க?" என்று கேட்டேன்.

"பாட்டைக் கேட்டுக்கிட்டே அடிப்பாங்கண்ணா. ஒருத்தன் மட்டும் ஓடறப்ப ஒருத்தனுக்கு வேண்டிய காத்து. ரெண்டாவது ஆளு வந்தா கொஞ்சம் கூட. மூணாவதுக்கு அதுக்கும் மேல. நாலாவதை நான் காலால வாசிப்பேன், அது இந்தப் பெரிய மரக்குழாய்க்கு. அதுங்க தண்ணி குடிக்கற மாதிரி காத்தைக் குடிக்கும். கால் வர்றதுக்கு முன்னாடியே மாராத்தா சேலையை இடுப்புல சொருகிக்குவா. நீங்க குண்டைப் பாக்காதீங்க. குண்டு ஏறுனப்பறம் அடிச்சா லேட்டு."

மணி பதினொன்றே முக்கால். இன்னொருமுறை தொடங்கினோம்.

இந்தமுறை குண்டைப் பார்க்கவில்லை. முதல் குரல் தனியாக வந்தது. நாலைந்து படி ஏறி, தயங்கி, இறங்கி ஓடியது. பாத்திரம் கழுவுகிற தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கேட்ட அதே மெட்டு. மெதுவாக அமுக்கினேன். இரண்டாவது வந்தபோது கை தானாகக் கொஞ்சம் வேகம் எடுத்தது. மூன்றாவது எங்கே தொடங்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை கேட்டிருக்கிறேன்! ஒன்று மட்டும் சொல்லவேண்டும். அந்த இடத்திலிருந்து பாட்டு அழகாகக் கேட்காது. தோல் இழுபடுகிற சத்தம், மரம் முனகுகிற சத்தம், இவற்றுக்கு நடுவே குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலங்கி வரும். முன்பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பவர்களுக்கு அது வேறு பாட்டு. அவள் கூட்டிக்கொண்டே கேட்டதைக் கேட்கத்தான் நான் வந்தேன். அவள் அடித்துக்கொண்டே கேட்டது எனக்குக் கிடைத்தது.

நாலாவது வருவதற்கு முன்பே வேட்டியை மடித்துக் கட்டி, காலை அகட்டி நின்றுகொண்டேன். மரக்குழாய்கள் முழங்கின, முதுகு எலும்பு வரை நடுங்கியது. விடவில்லை. நாலு குரலும் ஓடின, ஒன்றைவிட்டு ஒன்று விலகின, மறுபடி நெருங்கின. எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஐந்து நிமிடம் இருக்கலாம். முடியப்போகிறது என்பது எனக்கே தெரிந்தது, ஏனென்றால் எல்லாக் குரலும் ஒரே இடத்துக்கு வந்துகொண்டிருந்தன. கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து டீச்சர் ஒரு பெரிய அடுக்காக அமுக்கிப் பிடித்தார். அந்த இடத்தில் என் வலது கை நின்றுவிட்டது. அமுக்கப் பார்க்கிறேன், கை போகவில்லை. இடது கையை மாற்றுவதற்குள் குண்டு உச்சிக்குப் போய்விட்டது.

டீச்சர் விரலை எடுக்கவில்லை. காற்று தீரும்வரை பிடித்தபடியே இருந்தார். ஓசை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மேல் குரல்கள் முதலில் போயின, பிறகு நடுவில் இருந்தவை. கடைசியாக ஒரே ஒரு மரக்குழாயில் வெறும் மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் இல்லை. அந்த ஓசை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

வெளியே மழைச் சத்தம் மட்டும் கேட்டது. "இன்னொருக்கா?" என்று நான்தான் கேட்டேன். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். வாசலில் பூக்கூடைகளை இறக்கும் சத்தம் கேட்டது. "மன்னிச்சுக்குங்கண்ணா" என்றார்.

கைப்பிடிக்கு மேலே மரச்சுவரில் பென்சிலால் பெயர்கள் எழுதியிருப்பதை அப்போதுதான் பார்த்தேன். முதல்முறை ஒரு பாட்டைக் கடைசி வரை காற்றுக் குறையாமல் கொண்டுபோனவர்கள், தங்கள் பெயரைத் தங்கள் கையாலேயே எழுதுவது அங்கே வழக்கமாம். நாலைந்து இங்கிலீஷில் இருந்தன. தமிழில் இருந்ததை எல்லாம் படித்தேன். சாலமோன். தேவராஜ். பாக்கியநாதன். மறுபடியும் மேலிருந்து படித்தேன். அவள் பெயர் இல்லை.

"எழுதச் சொன்னேனுங்க" என்றார் டீச்சர். "எழுத்துத் தெரியாதுன்னா. நான் கையைப் புடிச்சு எழுத வெக்கறேன்னு சொன்னேன். 'எங்க ஊட்டுக்காரருக்கும் எழுத்துத் தெரியாதுங்க டீச்சர், யாரு வந்து படிக்கப் போறாங்க'ன்னு சிரிச்சுப்போட்டுப் போயிட்டா."

டீச்சர் தன் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து நீட்டினார். "நீங்களாவது எழுதுங்க."

"நான் கடைசி வரைக்கும் கொண்டுபோகலீங்களே டீச்சர். என் பேரு எதுக்கு?"

மற்ற பெயர்கள் எல்லாம் என் தலை உயரத்தில் இருந்தன. மாராத்தாள் என் தோளுக்குத்தான் வருவாள். அவள் கண் இருக்கும் உயரத்துக்குக் குனிந்து எழுதினேன். மூன்று இடத்தில் கால் போடவேண்டிய பெயர். வலது கை ஓய்ந்துபோயிருந்ததால் எல்லாம் வலது பக்கம் சாய்ந்துவிட்டன. எழுதி முடித்துப் படித்தேன். சரியாகத்தான் இருந்தது. டீச்சரும் ஒருமுறை சத்தமாகப் படித்தார்.

பன்னிரண்டு பத்துக்குக் கிளம்பினேன். காந்திபுரத்தில் சாப்பாடு தொண்ணூறு ரூபாய். சோற்றைப் பிசைய வலது கை ஒத்துழைக்கவில்லை. இரண்டேகாலுக்குப் பவானி வண்டி, ஐந்தேகாலுக்கு வீடு. செல்வி தைலம் தேய்த்துக்கொண்டே, "பாட்டு நல்லா இருந்துச்சாங்கப்பா?" என்று கேட்டாள். நல்லா இருந்தது, கடைசிக் கொஞ்சம் மட்டும் இல்லை என்றேன். அந்தக் கடைசி ஓசை காற்றுக் குறையாமல் எப்படி இருக்கும் என்று எனக்கு இன்னும் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம். போக வர எனக்கு ஆன மொத்தச் செலவு சாப்பாடு, டீ, செய்தித்தாள் எல்லாம் சேர்த்து முந்நூற்றெட்டு ரூபாய். ஞாயிறு காலை எட்டரை ஆராதனைக்குப் போனால் ஆர்கன் கேட்கலாம். இப்போது வேறொருவர் வாசிக்கிறாராம். ஃபியூக் எல்லாம் வாசிப்பாரா என்பது எனக்குத் தெரியாது. செய்தித்தாளில் மின்தடைக் கட்டத்தைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். படித்தால் மட்டும் போதாது, யோசிக்கவும் வேண்டும். நடுப்பெஞ்சில் உட்காருங்கள், அங்கேதான் தெளிவாகக் கேட்கும் என்று டீச்சர் சொன்னார்.

ஆராதனை முடிந்ததும் அங்கே இருப்பவர்களிடம் கேட்டுக்கொண்டு வலது பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்து பாருங்கள். தலை இடிக்கும், குனிந்து போங்கள். சாலமோனுக்கும் தேவராஜுக்கும் பாக்கியநாதனுக்கும் கீழே, சாய்ந்த எழுத்தில் ஒரு பெயர் இருக்கும். ஒரு நிமிடம்கூட ஆகாது. சத்தமாகப் படித்துவிட்டு வாருங்கள்.